95-ஆவது சடலம்

உங்கள் கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் வரலாற்றுப் பின்னணியில் வந்த துப்பறியும் தொடர்கள் இரண்டை வரிசையாகப் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஒன்று எல்லிஸ் பீட்டர்ஸின் துறவி காட்ஃபேல், இன்னொன்று சி. ஜே. சான்சமின் வழக்கறிஞர் ஷார்ட்லேக். முதல் இரண்டு மூன்று நூல்களைக் கீழே வைக்க முடியவில்லை. காட்ஃபேலில் ஆறாவதற்கு வந்தபோது அலுப்பு தட்டிவிட்டது. இவற்றில் வரும் வரலாற்றை எவ்வளவு நம்பலாம், அலுப்புக்குக் காரணம் நீங்களா தொடரா, தமிழில் இப்படி ஒரு தொடர் ஏன் வேரூன்றவில்லை என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆவணம் பேச்சை நிறுத்தும் இடத்தில்தான் இந்த வகை நாவல் பேசத் தொடங்குகிறது. அந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுபிடித்த நூல் நம்மைக் கட்டிப்போடும். இடைவெளி தீர்ந்த பிறகும் நீண்டுகொண்டே போகும் தொடர் அலுக்கும். கீழே சில நூல்களைப் பற்றி விரிவாகப் பேசுகிறேன். கொலையாளி யார் என்பதை எங்கும் சொல்லவில்லை, தயங்காமல் படிக்கலாம்.

முதலில் ஒரு நூலைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1138 ஆகஸ்டில் இங்கிலாந்தின் அரசர் ஸ்டீஃபன் ஷ்ரூஸ்பரி கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்தார். அரியணைக்கு உரிமை கோரிய மாடில்டாவின் பக்கம் நின்ற கோட்டைக்காவலர்களைத் தூக்கிலிட்டார். தொண்ணூறுக்கு மேற்பட்டோர் தூக்கில் தொங்கினார்கள் என்று அதே காலத்துத் துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ் எழுதிவைத்திருக்கிறார். இதுவரை ஆவணம். காட்ஃபேல் தொடரின் இரண்டாவது நாவல் இந்த எண்ணிக்கையைத்தான் பிடித்துக்கொள்கிறது. இறந்தவர்களை முறைப்படி அடக்கம் செய்யும் பொறுப்பைக் காட்ஃபேல் இருக்கும் ஷ்ரூஸ்பரி மடம் ஏற்கிறது. தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. காட்ஃபேல் உடல்களை வரிசையாகக் கிடத்தி எண்ணும்போது 95 வருகிறது. ஒரே ஒரு உடலின் கழுத்தில் மட்டும் தடம் வேறு மாதிரி இருக்கிறது. தூக்குக் கயிற்றின் தடம் தாடைக்கடியில் மேல்நோக்கி ஏறும். பின்னாலிருந்து மெல்லிய கயிற்றால் நெரித்த தடமோ கழுத்தைச் சுற்றிச் சமமாக ஓடும். தன் கொலையை மறைக்க அரசரின் கொலைக் குவியலையே ஒருவன் பயன்படுத்தியிருக்கிறான்.

இதைவிட நேர்த்தியாக இந்த வகையை விளக்கும் உதாரணம் எனக்குத் தெரியாது. நாவலாசிரியர் ஏட்டில் உள்ள எதையும் அழிக்கவில்லை, அரசரையோ முற்றுகையையோ திருத்தவில்லை. ஒன்றைக் கூட்டினார், அவ்வளவுதான். அந்த ஒன்று ஏட்டுக்குத் தெரியாமல் போனதற்கான காரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. தொண்ணூறு பேர் தொங்கிய நாளில் யார் நிதானமாக எண்ணப்போகிறார்கள்? அதோடு ஓர் அறக்கேள்வியும் தானாக வந்து நிற்கிறது. 94 பேரைக் கொன்றது சட்டம், ஒருவனைக் கொன்றது குற்றம் என்றால், அந்த ஒருவனுக்கு நியாயம் கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு ஒரு பிரசங்கமும் தேவைப்படவில்லை, எண்ணிக்கை ஒன்றே போதுமாயிருந்தது.

இரண்டாவது ஈர்ப்பு கருவிகள் இல்லாமை. கைரேகை, ரத்தப்பிரிவு, கேமரா, கைபேசி எதுவும் கிடையாது. துப்பறிபவர் உடலையும் மூலிகையையும் மண்ணையும் மனிதர்களையும்தான் படிக்க வேண்டும். இது எழுத்தாளருக்குச் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கெடுபிடி. மூன்றாவது காட்ஃபேல் நாவலில் விஷம் வருகிறது. அது துறவியின் தலைக்குல்லாயைப் போல் பூக்கும் செடியின் கிழங்கு. நம் நாட்டு வைத்தியத்தில் நாபி, வச்சநாபி என்று சொல்லும் அதே இனம். மூட்டுவலிக்குத் தேய்க்கக் காட்ஃபேல் தன் கையாலேயே செய்து வைத்த தைலம்தான் உணவில் கலந்திருக்கிறது. வாயில் பட்டால் முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், முகம் சிலிர்க்கும், வாந்தி வரும், பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும். இந்த வரிசை மருத்துவப்படி சரி. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்தில் ஒருவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதற்கும் பதில் இருக்கிறது: செய்தவருக்குத்தான் தன் தைலத்தின் வாடை தெரியும். இதுபோல உடல் விறைப்பும் இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் தொடங்கி, அரை நாளில் முழு உடலுக்கும் பரவி, ஓரிரு நாளில் தளரும். வெயில் நாடுகளில் எல்லாமே விரைவு. போர்க்களத்தையும் மருத்துவக் குடிலையும் பார்த்த ஒரு பழங்காலத்து மனிதருக்கு இந்த அளவு அனுபவ அறிவு இருப்பது நம்பக்கூடியதே. அவரே "இறந்து சரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது" என்று சொன்னால் நூலை மூடிவிடலாம். இன்றைய மருத்துவரே அப்படித் துல்லியமாகச் சொல்லத் தயங்குவார்.

மூன்றாவதாக, பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது அந்தக் காலத்துச் சட்டம். நல்ல வரலாற்று மர்மத்தில் சட்டம் வெறும் பின்னணித் திரையாக இருக்காது, கதையை ஓட்டும் கடிகாரமே அதுதான். காட்ஃபேலின் மூன்றாவது நாவலில் ஒரு பண்ணை நிலம் இங்கிலாந்துச் சட்டத்துக்கு உட்பட்டதா வேல்ஸ் சட்டத்துக்கு உட்பட்டதா என்பதில் வழக்கின் முடிச்சு இருக்கிறது. சான்சமின் இரண்டாவது நாவல் இன்னும் கச்சிதம். 1540-இல் லண்டனில் ஓர் இளம்பெண் மீது கொலைக் குற்றச்சாட்டு. அவள் வாயே திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ வாக்குமூலம் தராதவர் மீது அன்றைய இங்கிலாந்தில் விசாரணையைத் தொடங்க முடியாது. அதனால் அப்படிப்பட்டவர் நெஞ்சின்மேல் கற்களை அடுக்கி, பேசும்வரை அல்லது சாகும்வரை அழுத்துவார்கள். சிலர் அதையும் தாங்கி மௌனமாகவே செத்திருக்கிறார்கள். தீர்ப்பு வராவிட்டால் குடும்பத்தின் சொத்தை அரசு பறிக்க முடியாதே, அதற்காக. ஷார்ட்லேக்குக்கு அவளைக் காப்பாற்ற இரண்டு வாரம் போல அவகாசம் கிடைக்கிறது, அதுவும் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் வேறொரு வேலையை அவர் தலையில் கட்டிய நிபந்தனையில்: கிரேக்க நெருப்பு என்ற பழங்கால எரி ஆயுதத்தின் தொலைந்துபோன செய்முறையைத் தேடித் தர வேண்டும்.

இங்கேதான் எல்லையும் தொடங்குகிறது. கிராம்வெல் 1540 ஜூன் 10 அன்று கைதானார், ஜூலை 28 அன்று தலை வெட்டப்பட்டார். இதைப் பள்ளிப் புத்தகமே சொல்லிவிடும். கிரேக்க நெருப்பின் செய்முறை இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆக, கதாநாயகன் வெற்றி பெற்று அதை அமைச்சர் கையில் கொடுக்கப்போவதில்லை என்பது முதல் பக்கத்திலேயே நிச்சயம். வரலாறு கதையின்மேல் ஒரு மூடியைப் போட்டுவிடுகிறது. தேர்ந்த எழுத்தாளர் அந்த மூடியை மறைக்கப் பார்ப்பதில்லை. "கிடைக்குமா?" என்ற கேள்வியை விட்டுவிட்டு "கிடைத்தது எப்படித் தொலையும்?" என்ற கேள்விக்கு நம்மை நகர்த்துகிறார். ஐந்தாவது ஷார்ட்லேக் நாவலிலும் இதே வித்தைதான். 1545 ஜூலை 19 அன்று மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் போர்ட்ஸ்மத் அருகே கரையிலிருந்து பார்க்கும் தூரத்திலேயே மூழ்கியது. நானூறுக்கு மேற்பட்டோர் இருந்த கப்பலில் உயிர் பிழைத்தவர்கள் நாற்பதுக்கும் குறைவு. கப்பல் மூழ்கும் என்பது வாசகருக்குத் தெரியும், அதில் ஏறுகிறவர்களுக்குத் தெரியாது. நாவலில் நமக்குப் பழக்கமான ஒருவர் அந்தக் கப்பலை நோக்கி நடக்க ஆரம்பித்ததுமே வயிற்றைப் பிசைகிறது. தெரிந்த முடிவே பதற்றத்துக்கு எரிபொருளாகும் இடம் அது. மாறாக, ஏழாம் ஹென்றியைக் கொல்லச் சதி, எட்டாம் ஹென்றியைக் கொல்லச் சதி என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டு வரும் நூல்களில் எனக்கு ஆர்வம் எழுவதில்லை. அவர்கள் படுக்கையில்தான் இறந்தார்கள். சதி தோற்கும் என்பது தெரியும், அது தோற்கும் விதத்திலும் புதிதாக எதுவும் இருக்காது.

அலுப்புக்கு வருகிறேன். குறை உங்களுடையதில்லை, அதற்குக் கணக்கே சாட்சி. காட்ஃபேல் தொடரில் 20 நாவல்கள், ஒரு சிறுகதைத் தொகுப்பு. 1977 முதல் 1994 வரை பதினேழு ஆண்டுகள் எழுதப்பட்டவை. கதைக்குள் ஓடும் காலமோ 1137 முதல் 1145 வரை எட்டே ஆண்டுகள். 1141 என்ற ஒரே ஆண்டில் மட்டும் நான்கு நாவல்கள் நடக்கின்றன. அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு பிப்ரவரியில் லிங்கன் போரில் அரசர் சிறைப்பட்டார், நவம்பரில் விடுதலையானார், இடையில் நாடே தலைகீழானது. ஏடுகள் செழித்த ஆண்டில் நாவலும் செழித்தது. ஆனால் ஒரு மடத்தைச் சுற்றி, ஒரே துறவியின் கண்ணில் படும்படி, ஓர் ஆண்டில் நான்கு மர்மங்கள் என்றால் நம்பிக்கை இழுபடத்தான் செய்யும். போதாக்குறைக்கு ஏறத்தாழ ஒவ்வொரு நூலிலும் தவறாகச் சந்தேகிக்கப்படும் ஓர் இளைஞன், அவனை நம்பும் ஒரு பெண், கடைசியில் அவர்களுக்கு ஒரு வழி. நான்காவது நூலுக்குள் வாசகர் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்: இந்த இளைஞன் குற்றவாளியாக இருக்க மாட்டான். சந்தேகப் பட்டியலில் ஒரு பெயர் தானாக அடிபட்டுப்போகிறது. தொடர் தன் வாசகருக்கே தன் இரகசியத்தைப் பயிற்றுவித்துவிடுகிறது.

சான்சம் இதை வேறு விதமாகக் கையாண்டார். ஏழு நாவல்கள், 1537 முதல் 1549 வரை பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு நூல் கடலோர மடத்தில், ஒன்று யார்க் நகரில், ஒன்று போர்ட்ஸ்மத்தில், கடைசி நூல் நாரிச்சில் உழவர் கிளர்ச்சியின் நடுவில், மற்றவை லண்டனில். ஒவ்வொரு நூலும் அடுத்த அரசியல் நெருக்கடியில் கால் வைக்கிறது, கதாநாயகரும் உடலாலும் மனத்தாலும் மூப்படைகிறார். அதனால் அலுப்பு குறைவு. வேறு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது: நூல்கள் பருத்துக்கொண்டே போயின. கடைசி நாவல் 800 பக்கத்தைத் தாண்டுகிறது, நடுவில் கொலை வழக்கு பின்னுக்குப் போய்க் கிளர்ச்சியின் முகாம் வாழ்க்கை முன்னுக்கு வந்துவிடுகிறது. மர்மத்துக்காக வந்தவர் அங்கே தவித்துப்போவார். அந்தக் கிளர்ச்சியைப் பற்றி அறிய வந்தவருக்கோ அது விருந்து. எனக்கு அது இந்தத் தொடரின் ஆகச் சிறந்த பகுதி. ஆனால் மர்ம நாவல் என்று சொல்லி ஒருவர் கையில் அதைக் கொடுக்க மாட்டேன்.

நடைமுறையாகச் சொன்னால், காட்ஃபேலை வரிசையாக இருபதையும் விழுங்க வேண்டாம். முதல் மூன்று, பிறகு 1141-இன் தொடக்கத்தில் நடக்கும் ஒன்று, கடைசி நூல். இந்த ஐந்தில் தொடரின் முழு வீச்சும் கிடைத்துவிடும். இரண்டு நூல்களுக்கு இடையே சில மாதம் விடுங்கள். அவை ஆண்டுக்கு ஒன்று, சில ஆண்டுகளில் இரண்டு என்று வந்தவை, அந்த இடைவெளியில் படிக்கும்படி எழுதப்பட்டவை. ஷார்ட்லேக்கை மட்டும் வரிசை மாற்றாமல் படிக்க வேண்டும். முந்தைய நூலின் இழப்புகளை அடுத்த நூல் சுமந்துகொண்டு வருகிறது.

இனி நம்பகம். இரண்டு தளங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. நிகழ்ச்சி, தேதி, சட்டம், கட்டடம், உணவு போன்றவற்றில் மேலே சொன்ன இருவரும் பெரும்பாலும் நம்பத்தக்கவர்கள். சான்சம் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்று, வழக்கறிஞராகவும் இருந்தவர். நூலின் கடைசியில் எது ஏட்டில் உள்ளது, எது தன் கற்பனை என்று குறிப்பு எழுதியிருக்கிறார். மனநிலை என்பது வேறு தளம், அங்கே எச்சரிக்கை வேண்டும். காட்ஃபேல் பிற மதத்தாரிடம் காட்டும் விரிந்த மனமும், ஷார்ட்லேக்கின் மத ஐயங்களும் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் இருந்திருக்க முடியாது என்று சொல்ல முடியாது. ஆனால் அவை இன்றைய வாசகர் அவர்களின் தோளில் கைபோட்டு நடப்பதற்காக வைக்கப்பட்டவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் புனிதரின் திருவெலும்பு அற்புதம் செய்யும் என்பதை ஐயமின்றி நம்பிய ஒருவரைத் துப்பறிபவராக வைத்தால் நாம் அவரோடு இருபது நூல் நடப்போமா? நடக்க மாட்டோம் என்பதால்தான் இந்தத் துறைத் துப்பறிபவர்கள் எல்லோரும் தம் காலத்தில் கொஞ்சம் அந்நியர்களாக இருக்கிறார்கள்: வெளிநாடு போய்வந்தவர், உடற்குறையால் ஒதுக்கப்பட்டவர், எல்லைப்புறத்துக்காரர். ஒரு காலத்தின் சராசரி மனத்தை அறிய இவர்கள் சரியான சாளரம் ஆக மாட்டார்கள்.

இதில் ஒரு விசித்திரமான நேர்மையாளர் ராபர்ட் வான் கூலிக். நெதர்லாந்துத் தூதரக அதிகாரி, சீன மொழியில் ஆழ்ந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டுச் சீன மர்மக் கதை ஒன்றை மொழிபெயர்த்து 1949-இல் வெளியிட்டார், பிறகு அதன் நாயகரான நீதிபதி டீயை வைத்துத் தாமே தொடர் எழுதினார். அந்த நீதிபதி நிஜ மனிதர்: தாங் வம்சத்து அதிகாரி, 630-இல் பிறந்து 700-இல் இறந்தவர். ஆனால் நாவல்களில் வரும் ஆடை, வீடு, நடைமுறை எல்லாம் பல நூற்றாண்டு பிந்திய மிங் வம்சக் காலத்தவை. பழைய சீனக் கதைஞர்களும் அப்படித்தான் எழுதினார்கள், தாமும் அதையே பின்பற்றுகிறேன் என்று வான் கூலிக் பின்னுரையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மரபில் அவர் மாற்றியது வேறொன்று. பழைய சீனக் கதைகளில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அவர் அதைக் கடைசிக்குத் தள்ளினார். ஒரே நூலில் மூன்று வழக்குகள் பின்னிக்கொண்டு ஓடுவதை மரபிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஆக, பின்னுரை படிக்காமல் நீதிபதி டீயைப் படித்தவர் மிங் சீனத்தைத் தாங் சீனமென்று நம்பிக்கொண்டிருப்பார். எந்த வரலாற்று மர்ம நூலையும் வாங்குமுன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். ஆசிரியர் குறிப்பு இருந்து, அதில் "இவரை நான் படைத்தேன், இந்தத் தேதியை இரண்டு மாதம் நகர்த்தினேன்" என்பது போன்ற குறிப்பான ஒப்புதல் இருந்தால் நம்பி வாங்கலாம். "பல ஆண்டு ஆராய்ச்சி செய்தேன்" என்று மட்டும் இருந்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை.

சோதிக்கச் சில எளிய வழிகள் உண்டு. ஒன்று, குதிரை. ஒரே குதிரை தொடர்ந்து பல நாள் ஓட வேண்டுமென்றால் நாளுக்கு 40, 50 கிலோமீட்டர்தான் நியாயமான தூரம். வழியில் குதிரை மாற்றினால் அதைவிட அதிகம். தஞ்சைக்கும் காஞ்சிக்கும் 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலையில் தஞ்சையில் கிளம்பிய ஒற்றன் அதே குதிரையில் மறுநாள் மாலை காஞ்சியில் நிற்பானானால், வழியில் இருக்கும் ஆறுகளைக்கூட ஆசிரியர் நினைத்துப் பார்க்கவில்லை என்று பொருள். இரண்டு, அடுக்களை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை, போர்ச்சுகீசியர் வருகைக்கு முன் நம் சமையலில் கிடையாது. சோழர் காலத்துச் சத்திரத்தில் மிளகாய் வறுக்கும் நெடி வந்தால் ஐந்நூறு ஆண்டு பிசகு. மூன்று, ஆட்சியாண்டுக் கணக்கு. 985-இல் முடிசூடிய அரசரின் இரண்டாம் ஆட்சியாண்டு என்றால் 986-87. இரண்டைக் கூட்டி 987 என்று போடுகிறவர்கள் நிறைய. இந்த மூன்றிலும் தேறிய நூல் மற்ற இடங்களிலும் பெரும்பாலும் கவனமாகவே இருக்கும்.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் வரலாற்று மர்மம் இல்லாமலில்லை, வேறு வடிவில் இருக்கிறது. கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய பொன்னியின் செல்வனின் மையத்தில் இருப்பது ஒரு கொலைதான், சோழ இளவரசர் ஆதித்த கரிகாலரின் கொலை. ஆனால் வாரத் தொடர்கதையின் இலக்கணம் துப்பறியும் நாவலின் இலக்கணத்தோடு ஒத்துப்போகாது. துப்பறியும் நாவலில் முப்பதாம் பக்கத்தில் ஒரு துப்பைப் போட்டால் முந்நூறாம் பக்கத்தில் வாசகர் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். தொடர்கதையில் பன்னிரண்டாம் வாரம் போட்ட துப்பு நூற்றைம்பதாம் வாரம் அவிழ்ந்தால் நடுவில் இரண்டரை ஆண்டு ஓடியிருக்கும். பழைய இதழ் கடையில் எடைக்குப் போயிருக்கும். ஆகவே தொடர்கதை துப்பை நம்ப முடியாது, ஆளைத்தான் நம்ப வேண்டும். திரைக்குப் பின்னால் யார், மாறுவேடத்தில் வந்தது யார், சுரங்கப்பாதையில் கேட்ட குரல் யாருடையது என்ற கேள்விகள் ஏழு நாள் தாங்கும், ஏழாம் நாள் பதில் கேட்கும். நம் சரித்திரத் தொடர்களில் ஒட்டுக்கேட்பும் மாறுவேடமும் நிறைந்து கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். கற்பனை வறுமை என்று அதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

அந்தக் கொலையைப் பற்றி ஆவணம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நாவலையும் கல்லையும் குழப்பிக்கொள்வது இங்கேதான் அதிகம். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் முதலாம் இராஜராஜரின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன அரசாணையின் விவரம் அதில் வருகிறது. நாவல் தொடங்குவதும் அதே ஊரின் ஏரிக்கரையில்தான். கல்கி எதையும் தற்செயலாகச் செய்பவரில்லை. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழரைக் கொன்ற துரோகிகள் என்று கல்வெட்டு சிலரைப் பெயர் சொல்கிறது: சோமன், பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம் கொண்ட ரவிதாசன், இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பட்டம் கொண்ட பரமேசுவரன். அவர்களுடைய சொத்தோடு உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்ய ஆணை. இவ்வளவும் நிச்சயம்.

கல்வெட்டு சொல்லாதவை: ஏன் கொன்றார்கள், எங்கே, எப்படி, யார் தூண்டி. பஞ்சவன் என்பது பாண்டியரைக் குறிக்கும் பெயராதலால் பாண்டிய ஆதரவாளர்களின் பழிவாங்கல் என்று ஒரு வாதம் உண்டு. ஆதித்த கரிகாலர் வீரபாண்டியனின் தலைகொண்டவர் என்பதால் அது பொருந்தியும் வருகிறது. ஆனால் இன்னொருவரின் பட்டத்தில் சோழர் பெயரே இருக்கிறதே. பட்டத்தை மட்டும் வைத்து நோக்கத்தைத் தீர்மானிக்க முடியாது. அடுத்து, இராஜராஜருக்கு முன் ஆண்ட உத்தம சோழர் ஆட்சி முழுவதும் குற்றவாளிகள் தண்டிக்கப்படாமல் இருந்திருக்கிறார்கள், ஆகவே அவருக்கும் பங்கு இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ஐயுற்றார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இதில் ஒரு நுட்பம் உண்டு. கல்வெட்டின் ஆண்டு அந்த நில விவகாரம் பதிவான ஆண்டு. விசாரணையும் தண்டனையும் அதே ஆண்டில்தான் தொடங்கின என்று அது சொல்லவில்லை. மறுபக்கம், மக்கள் வேண்டியும் தன் சிற்றப்பன் உத்தமருக்கு ஆசை இருக்கும்வரை, பின்னாளில் இராஜராஜரான அருண்மொழி அரியணையை மனத்தாலும் விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கிறது. அதை உத்தமருக்கு ஆதரவாகவும் படிக்கலாம், எதிராகவும் படிக்கலாம். செப்பேடு எழுதப்பட்டது இராஜராஜரின் மகன் காலத்தில், அரச குடும்பத்தைப் புகழ. நந்தினியோ முழுக்க முழுக்கக் கற்பனை, எந்தக் கல்லிலும் அவள் இல்லை. வந்தியத்தேவர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை அவருடைய மகாதேவியார் என்று குறிக்கப்படுகிறார். அவர் பெயருக்கு மேல் கல்லில் அதிகம் இல்லை என்பதால்தான் நாவல் முழுக்க ஓடுவதற்கு அவருக்கு இடம் கிடைத்தது. கொலையாளி யார் என்று கல்கியும் ஐயமற அறுதியிடவில்லை. அது ஏமாற்று என்று சிலர் வருந்துகிறார்கள். கல் நிறுத்திய இடத்தில் அவரும் நிறுத்தினார் என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் ஒரே துப்பறிபவரை வைத்து நூல் நூலாகப் போகும் தொடர் நமக்கு ஏன் வேரூன்றவில்லை? மூலங்களின் தன்மை முக்கியக் காரணம். இங்கிலாந்துத் துறவிகளின் ஏடு மாதம், நாள், வதந்தி எல்லாம் எழுதிவைத்தது. நம் கல்வெட்டு நிலம், விளக்கு, ஆடு, பொன் பற்றிப் பேசும். அரசர்களின் நாடகத்தை அதிலிருந்து எடுப்பது கடினம், அதனால் எல்லோரும் திரும்பத் திரும்ப அந்த ஒரே கொலையைச் சுற்றுகிறார்கள். ஊர் அளவில் இறங்கினால் நிலைமை தலைகீழ். பராந்தகர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்குகின்றன. இப்படி ஒரு விதி வெட்டப்பட்டிருக்கிறது என்றால் கணக்குக் காட்டாதவர்கள் இருந்திருக்கிறார்கள். வேட்டையில் எய்த அம்பு தவறி ஒரு மனிதன்மேல் பட்டு அவன் இறந்துபோக, எய்தவன் கோயிலில் நந்தா விளக்கு எரிக்க வேண்டும் என்று ஊரார் தீர்ப்பளித்த கல்வெட்டுகளும் உண்டு. ஒரு விளக்கின் நெய்க்கு வழக்கமாக 96 ஆடு. சாவா மூவாப் பேராடு என்பார்கள், எண்ணிக்கை என்றும் குறையக்கூடாது என்று பொருள். கல் அதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. ஷ்ரூஸ்பரியில் 94 என்று எழுதி முடித்தது போலவே.

துப்பறிபவரையும் கல்வெட்டே தருகிறது. உத்தம சோழரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், இராஜராஜர் காலத்தில் கோயில் காரியங்களை விசாரிக்கும் அதிகாரியாக வருகிறார். ஊர் ஊராகப் போக உரிமை, யாரையும் கேள்வி கேட்க அதிகாரம், தண்டம் விதிக்கும் பொறுப்பு, ஒரு தொடருக்கு வேண்டிய எல்லாம் அந்தப் பதவியில் இருக்கிறது. தந்தை ஆண்ட அரியணை தன்னைத் தாண்டிப் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். கொலையில் தந்தைக்குப் பங்குண்டோ என்ற பேச்சு அன்றே இருந்திருந்தால் அதுவும் அவர் காதில் விழுந்திருக்கும். அப்படிப்பட்ட ஒருவர் ஒரு சிற்றூர்ச் சபையின் முன் உட்கார்ந்து, 96 ஆட்டுக்கான ஓலையை விரிக்கச் சொல்லி, அந்த அம்பு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கும் இடத்திலிருந்து யாராவது எழுதலாம்.